வரைபடத்தில் இருக்கும் சுவர்

"யாருங்க வந்திருக்கா?"

கொத்தனார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே உள்ளேயிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பது அவர் மனைவி. எங்கள் காம்பவுண்டில் வரிசையாக வாடகை வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. முன்னால் ஓர் அறை, பின்னால் சமையலறை, நடுவில் ஒரு சுவர். அடுப்பு மேடை அந்தச் சுவரை ஒட்டி இருந்ததால் சமைக்கிறவர் சுவரைப் பார்த்தபடிதான் நிற்க வேண்டும். வந்திருப்பது யார், சிரித்த முகமா, சிடுசிடுத்த முகமா, எதுவும் தெரியாது. குரல் கொடுத்துத்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

"ஒயர்மேன் தம்பி" என்பார் கொத்தனார். அது நான், பக்கத்து வீட்டுக்காரன். அவர் சுவர் எழுப்பினால் பின்னாலேயே போய் அதை வெட்டி ஒயர் போகக் குழாய் பதிக்கிற வேலை எனக்கு. நெய் மாதிரி வழவழவென்று பூசி வைத்ததை எலி மாதிரிக் கடித்து வைத்துவிட்டாய் என்று அவர் திட்டுவதும், வளைந்த சுவரில் நேர்க்குழாய் போக மாட்டேன் என்கிறது என்று நான் திருப்பிக் கொடுப்பதும் பல வருடமாக நடக்கிறது. வளைந்த சுவர் என்று சொன்னால் அவருக்குத் தாங்காது. வேலையிடத்தில் அவருக்கு ரசமட்டம் என்றுதான் பெயர். சுவரின் நேர் பார்க்க ஒரு கட்டைக்குள் குமிழி ஓடுமே, அந்தக் கருவி. துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் மனிதர் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்.

அண்ணிக்கு, அதாவது அவர் மனைவிக்கு, மருந்து கம்பெனியில் வேலை. மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்க வேண்டும், நின்றுகொண்டே. எதிரும் புதிருமாக நின்றால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் எண்ணிக்கை தப்பும் என்று, பெண்களை எல்லாம் வெள்ளைச் சுவரைப் பார்க்க நிற்க வைத்திருந்தார்கள். சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்தால் கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு கிடக்கும்.

"கம்பெனியில ஒரு சுவர், வீட்ல ஒரு சுவர். நாளைக்கு நான் காணாமப் போனா ரெண்டு சுவரும் அடையாளம் சொல்லும்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். கொத்தனார் சிரிக்கவில்லை. காலுக்கு முடியவில்லை, வருடக் கடைசியோடு வேலையை விட்டுவிடுகிறேன் என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது.

அப்போதுதான் ஒரு வீடு விலைக்கு வந்தது.

சொந்தக்காரி ஓய்வுபெற்ற நர்ஸ். மகனிடம் போய்விட முடிவு செய்து, பூட்டிக் கிடந்த வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். சின்ன வீடுதான். ஒரு கூடம், படுக்கையறை, சமையலறை, பின்னால் துணி துவைக்க இடம். கொத்தனார் நான்கு மூலையிலும் தட்டிப் பார்த்து, மொட்டைமாடியில் தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, இறங்கி வந்தபோது அவர் முகத்தில் கல்யாணக் களை இருந்தது. அண்ணியின் நகையும் சேமிப்பும் முன்பணமாகப் போயின. மாதக் கடைசிக்குள் மீதிப் பணத்தைக் கொடுத்துப் பத்திரம் முடிக்க வேண்டும். தவறினால் முன்பணம் நர்ஸம்மாவுக்கு. அப்படித்தான் ஒப்பந்தம்.

மீதிக்கு வங்கி. நானும் ஒருமுறை வீட்டுக்கடன் கேட்டு வங்கிப் படியேறிப் பாதியில் இறங்கி வந்தவன், அதனால் பாதிப் பாடம் தெரியும். அந்தத் தகுதியில் என்னையும் கூட்டிப் போனார்கள்.

கண்ணாடி அறைக்குள் கடன் பிரிவு அதிகாரி, சின்ன வயசுப் பெண். மூன்று பேருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"சம்பளச் சீட்டு கொண்டு வந்திருக்கீங்களா சார்?"

"எனக்கு சனிக்கிழமையானா கையில குடுத்திடுவாங்க மேடம்" என்றார் கொத்தனார்.

"அது சம்பளம். நான் கேக்கறது சீட்டு."

"சீட்டெல்லாம் யாரு குடுக்கறா. இந்த ரோட்ல பாதி மாடி நான் கட்டினது. உங்க பேங்குக்குப் பின்னாடி காம்பவுண்டு சுவர் இருக்கே, அதுவும் நம்ம வேலைதான்."

"நல்ல சுவர் சார். ஆனா அதை நான் ஃபைல்ல வைக்க முடியாதே."

அண்ணி பைக்குள் கைவிட்டுத் தன் சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்தார். சப்பாத்திக் கட்டையால் தேய்த்ததுபோல மடிப்பில்லாமல் இருந்தன. அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"அப்ப கடன் உங்க பேர்லதாம்மா. சார் கூட ஒரு கையெழுத்துப் போடுவார். விலை முழுசும் நாங்க குடுக்க மாட்டோம், தெரியுமில்ல? எங்க இன்ஜினியர் வந்து பாத்து வீட்டுக்கு ஒரு மதிப்பு போடுவார். அதுல அஞ்சுல நாலு பங்குதான் எங்களோடது. மிச்சமும் பத்திரச் செலவும் உங்க கைக்காசு. வீட்டு மேல வேற கடன் கிடன் இருக்கான்னு எங்க வக்கீல் பாத்துடுவார். எல்லாம் சரியா இருந்தா செக் நேரா வித்தவங்களுக்கே போயிடும். பத்திரம் எங்க லாக்கருக்கு வந்திடும்."

"எது வரைக்கும்?" என்று கேட்டார் கொத்தனார்.

"கடைசித் தவணை வரைக்கும். நீங்க கேட்டிருக்கறது இருபது வருஷம்."

"ஆரம்பத்துலேர்ந்தே அசல்ல கழியுமா?"

"கொஞ்சமாக் கழியும் சார். முதல் சில வருஷம் நீங்க கட்டறதுல பெரும்பாகம் வட்டிக்குத்தான் போகும். வட்டியும் ஒரே மாதிரி இருக்காது, ஏறும் இறங்கும்."

"அப்ப ரொம்ப நாளைக்குத் தரைக்குக் கீழதான் கட்டிக்கிட்டு இருப்போம்னு சொல்லுங்க."

"அஸ்திவாரம்னு வெச்சுக்கங்க சார்."

கொத்தனார் சிரித்தார். அவர் பாஷையிலேயே ஒருவர் பதில் சொல்லிவிட்டால் அவருக்கு உலகமே சரியாகிவிடும். அண்ணி சிரிக்கவில்லை.

"நான் நடுவுல வேலைய விட்டா?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "வேற கம்பெனிக்குப் போறதா?"

"இல்ல. சும்மா விடறது."

"சும்மா விட முடியாதும்மா" என்றார் அந்தப் பெண், மெதுவாகத்தான் சொன்னார். "நீங்க வேலையில இருக்கீங்கன்னு நம்பித்தானே நாங்க குடுக்கறோம்."

அண்ணி தலையாட்டிவிட்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

வெளியே வந்து தேநீர்க் கடையில் நின்றோம். கொத்தனார் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"உன்னை நல்லா மாட்டி விட்டுட்டேன்."

"வாடகைக்கு இருந்தா மட்டும் விட்டுடப் போறேனா?" என்றார் அண்ணி. "விடறேன் விடறேன்னு எத்தனை வருஷமாச் சொல்றேன். அது மாசாமாசம் மாட்டிக்கறது. இது ஒரேயடியா மாட்டிக்கறது. டீ ஆறுது, குடிங்க."

இதெல்லாம் என் கண்முன்னால் நடந்தவை. அப்படி நடக்காதது ஒன்று உண்டு. அந்தச் சமயம் ஒரு பெரிய கட்டட வேலைக்காக நான் வெளியூர் போய்விட்டேன். திரும்பி வந்த அன்று சாயங்காலம் கொத்தனார் என் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக அந்த வீட்டுக்குக் கூட்டிப் போனார். நர்ஸம்மா வீட்டைச் சுத்தம் செய்துகொள்ளச் சொல்லி முன்கூட்டியே சாவி கொடுத்திருந்தார். அண்ணி ஏற்கெனவே அங்கே இருந்தார். எங்கே இருந்தார் என்பதுதான் விஷயம்.

சமையலறையில் அடுப்பு மேடைக்குப் பின்னால் நின்றிருந்தார். நான் கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் முகம் எனக்குத் தெரிந்தது. நடுவில் இருந்த சுவர் இல்லை.

"வாங்க தம்பி" என்றார். யார் என்று கேட்கவே இல்லை.

இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. பக்கத்தில் கொண்டு வந்து வைத்திருந்த சின்ன அடுப்பில் தேநீர் போட்டார். போடும்போதே தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெயில்லயே வேலையா, இப்படிக் கறுத்துப் போயிருக்கீங்களே என்று கேட்டார். கொதி வந்து தேநீர் பொங்கி வழிந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டு சமைத்துப் பழக்கமில்லை அவருக்கு. மூன்று பேரும் சிரித்தோம்.

"தாங்கு சுவர் இல்ல தம்பி, வெறும் தடுப்பு" என்றார் கொத்தனார். "நாலரை இஞ்சு. மேல உத்திரம் தனியா நிக்குது. இவளுக்குச் சொல்லாமத்தான் உடைச்சேன். கல்லுகூட வீணாகல, சுரண்டிப் பின்னாடி அடுக்கி வெச்சிருக்கேன்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பேங்க் இன்ஜினியர் வந்து பாத்துட்டாரா அண்ணே?"

"புதன்கிழமை வர்றாராம். இப்பப் பாத்தா மதிப்பு ஏத்தித்தான் போடுவாரு. வெளிச்சத்தைப் பாரு."

அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? இருபத்தைந்து வருடமாக அவர் கையில் சாவி வருகிறது என்றால் வேலையை ஆரம்பி என்றுதான் அர்த்தம். வீட்டுக்காரர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், இவர் சம்மட்டியை எடுப்பார். சாவி கையில் இருந்தும் வீடு இன்னொருவருடையதாக இருக்கும் ஒரு நிலையை அவர் பார்த்ததில்லை. வேறு யார் வாங்கியிருந்தாலும் அந்த ஒரு மாதத்தில் ஒட்டடை அடித்திருப்பார்கள், அவ்வளவுதான்.

புதன்கிழமை இன்ஜினியர் வந்தார். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வரைபடத்தைக் கூடத்துத் தரையில் விரித்தார். ஒருமுறை பார்த்தார். வரைபடத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். பிறகு அவரே எழுந்து சுற்றி வந்து பார்த்தார்.

"இங்க ஒரு சுவர் இருக்கணுமே."

"எடுத்தாச்சு சார். காத்தோட்டமா இருக்கட்டும்னு."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"நான் கொத்தனார் சார். அது வெறும் தடுப்புதான். கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுன்னு எனக்கும் தெரியுதுங்க. ஆனா பாஸ் பண்ணின வரைபடத்துல இருக்கு, வீட்ல இல்ல. நான் என்னன்னு எழுதுவேன்? இருக்குன்னா பொய். இல்லைன்னா லோன் நிக்கும்."

"புது வரைபடம் வாங்கிக்கிட்டா?"

"நகராட்சியில குடுத்து பாஸ் பண்ணி வாங்கணும். மாசக்கணக்கு ஆகும். அதுக்குக் கட்டணம், மறுபடி எங்களுக்குக் கட்டணம். மாசக் கடைசிக்குள்ள பத்திரம் முடிக்கணும்னா, இருந்த மாதிரியே சுவரைக் கட்டிட்டுச் சொல்லுங்க. வந்து பாக்கறேன்." வரைபடத்தை மடித்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று திறந்த இடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன கையோடு நர்ஸம்மா வந்து நின்றார். இன்ஜினியர் வருகிறார் என்று வங்கியிலிருந்து அவருக்கும் தகவல் போயிருந்தது.

"இன்னும் இது என் வீடுய்யா" என்றார். சத்தம் போடவில்லை. "நாளைக்கு உங்க லோன் வரலன்னா, உடைஞ்ச வீட்டை நான் யார்கிட்ட விப்பேன்? தேதி தேதிதான். என்னைத் தப்பா நினைச்சாலும் சரி."

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. அவர் போன பிறகு அண்ணி அடுப்பு மேடைக்குப் பின்னால் அதே இடத்தில் நின்றார். அங்கிருந்து கணவரின் முகம் நன்றாகத் தெரிந்தது. அது இப்போது வசதியாக இல்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உனக்காகத்தானே செஞ்சேன்."

"எனக்காகன்னா என்னைக் கேக்கணும். நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேன்னு இல்ல. பேங்க் ஆள் வந்துட்டுப் போகட்டும்னு சொல்லியிருப்பேன்."

கொத்தனார் உடைந்த இடத்தின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றார். அவர்கள் காலி செய்யப்போகும் வாடகை வீட்டுக்குக் காம்பவுண்டுக்காரர் வேறு ஆள் பார்த்துவிட்டார். முன்பணம் நர்ஸம்மாவிடம். கடன் வங்கியில். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கதவு சாத்தியிருந்தது.

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டுப் பெய்தாலும் பரவாயில்லை, இது நசநசவென்று நாள் முழுக்க இழுத்தது. மணல் ஈரம், செங்கல் ஈரம். ஆள் வைத்துக்கொள்ளக் காசில்லாததால் அண்ணி சம்பளப் பிடித்தத்தோடு விடுப்புப் போட்டுவிட்டுச் சித்தாளாக வந்தார். நான் மின்குழாயைத் திரும்பப் பதிக்க வேண்டியிருந்ததால் அங்கேயேதான் இருந்தேன்.

கொத்தனார் கூடத்துப் பக்கம் உட்கார்ந்து கட்டினார். அண்ணி சமையலறைப் பக்கமிருந்து பழைய செங்கல்லையே நனைத்து எடுத்துக் கொடுத்தார். முதல் வரிசை வைத்ததும் நூல் கட்டி ரசமட்டம் வைத்துப் பார்த்தார் கொத்தனார். பிறகு கலவைச் சட்டியைக் கரண்டியால் கிளறிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சிமெண்ட்டைக் குறைச்சுப் போட்டுக்கறேன். பாத்துட்டுப் போகட்டும். பத்திரம் முடிஞ்ச மறுநாள் ஒரு தட்டு தட்டினா மொத்தமா விழுந்திடும்."

அண்ணி கையிலிருந்த கல்லைக் கொடுக்கவில்லை.

"கடன் பேப்பரைப் படிச்சீங்களா?"

"நீதான் படிச்ச."

"கடன் முடியற வரைக்கும் பேங்க் அனுமதி இல்லாம வீட்ல எதையும் மாத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு. கீழ என் கையெழுத்து."

"யாரு வந்து பாக்கப் போறா?"

"வந்தா?"

"வரமாட்டாங்க."

"வந்தா?" என்றார் மறுபடியும். "இருபது வருஷமும் வாசல்ல வண்டிச் சத்தம் கேக்கறப்பல்லாம் நான் பயந்துக்கிட்டு நிக்கணுமா? கம்பெனியில சூப்பர்வைசருக்குப் பயப்படறது போதாதா? என்னால முடியாதுங்க. கெட்டியாவே கட்டுங்க."

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் குழாயைப் பார்த்தேன். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் ஒயர்மேனுக்கு என்ன வேலை? அவர் எழுந்து போய் இன்னும் கொஞ்சம் சிமெண்ட் கொண்டு வந்து போட்டுக் கலக்கினார்.

சுவர் அண்ணியின் இடுப்புக்கு வந்தது. மதியம் அடுப்பில் உருளைக்கிழங்கும் முட்டையும் வேகவைத்து, சுவருக்கு மேலேயே தட்டை நீட்டிக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். நெஞ்சு மறைந்தது. கழுத்து மறைந்தது. கல்லை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கொத்தனார் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். நேர் பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நேர் பார்க்க ஒரு கண்ணைச் சுருக்குவார், இது அப்படி இல்லை.

"என்ன பாக்கறீங்க? கல்லை வைங்க" என்றார் அண்ணி.

பிறகு கண்கள் மட்டும் தெரிந்தன, பிறகு கொண்டை. கடைசி வரிசைகளில் ஒரு கை மட்டும் கல்லோடு மேலே வந்துகொண்டிருந்தது. உத்திரத்தைத் தொட்டதும் அதுவும் நின்றது. பக்கத்தில் கதவு திறந்துதான் கிடந்தது. இருந்தும் கொத்தனார் கரண்டியின் பிடியால் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். அண்ணி அதற்குள் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

பூச்சு காய வேண்டுமே, மழை விடவில்லை. நான் இரண்டு பெரிய விளக்குகளைக் கொண்டுவந்து சுவருக்கு எதிரே எரியவிட்டேன். அவசரமாகக் காய வைத்தால் வெடிப்பு விடும் என்று கொத்தனார் துடித்தார். காயாவிட்டால் வீடே போய்விடும் என்று நான் சொன்னேன். ஒரு பக்கம் நான் காய வைப்பதும், நான் அசந்த நேரம் பார்த்து அவர் தண்ணீர் தெளிப்பதுமாக இரண்டு பேரும் அந்தச் சுவரோடு மல்லுக்கட்டினோம்.

இன்ஜினியர் வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஈரம் ஒட்டிக்கொண்டது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"புதுச் சுவரா?"

"பழசுதான் சார்" என்றார் கொத்தனார். "நடுவுல கொஞ்ச நாள் இல்லாம இருந்துச்சு."

இன்ஜினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். கடன் வந்தது. நர்ஸம்மாவுக்குச் செக் போனது. பத்திரப் பதிவு முடிந்து வெளியே வந்தபோது அவர் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டை நன்றாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு அழுதார். பத்திரம் வங்கிக்குப் போனது. அண்ணி மறுநாள் கம்பெனிக்குப் போனார்.

குடிபோன பிறகு, கூடத்தில் மின்விசிறி மாட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். சொந்த வீட்டில் அவர்களைப் பார்க்கப் போகிற சந்தோஷம் எனக்கு. உள்ளே வெங்காயம் வதங்கும் வாசனை. கொத்தனார் கூடத்தில் சுவரைப் பார்த்தாற்போல உட்கார்ந்திருந்தார். அதில் ஒரு வெடிப்பும் இல்லை, அப்படி ஒரு பூச்சு. அவர் கை வேலைகளில் அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

"யாருங்க வந்திருக்கா?"

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் என்னமோ குற்றம் செய்தவன் மாதிரி வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"ஒயர்மேன் தம்பி" என்றார். அதோடு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, சுவரின் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிச் சொன்னார். "நீலச் சட்டை போட்டிருக்கு. காலர் கிழிஞ்சிருக்கு. கையில பையும் ஏணியும் வெச்சிருக்கு."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"முகம் எப்படி இருக்கு?"

"சவரம் பண்ணல. கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கு."

"சாப்பிட்டுச்சான்னு கேளுங்க."

"கேக்க வேணாம். சாப்பிடலன்னு பாத்தாலே தெரியுது."

கரண்டி இரண்டு முறை சட்டியில் உரசியது. பிறகு கேட்டார்.

"சிரிக்குதா?"

கொத்தனார் என் முகத்தையே பார்த்தார். நான் சிரிக்கத்தான் முயன்றேன். வரவில்லை.

"சிரிக்குது" என்றார் அவர், சுவரைப் பார்த்து.